மூன்றாவது குமிழ்

ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல், அம்மா உன்னை விசாரித்தார், ஒழுங்காகச் சாப்பிடு. இந்த நான்கும் இனி ஒவ்வொரு கடிதத்திலும் இருப்பதாக வைத்துக்கொள். கை வலியாவது மிச்சமாகும்.

இறையியல் கல்லூரியில் முதல் வருஷம் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுவது நான். சிரித்ததற்குத் தண்டனை.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் எனக்குத் திடப்படுத்தல். பேராயர் வருவார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, விசுவாசிக்கிறேன் என்று என் வாயால் நானே சொல்ல வேண்டும். "போதகர் மகளுக்கு இதெல்லாம் சொல்லியா குடுக்கணும்" என்கிறார் நம் சபைச் செயலாளர்.

சொல்லித்தான் கொடுக்க வேண்டும் அண்ணா. கண்ணை மூடினால் எனக்குக் கண்ணை மூடிய மாதிரிதான் இருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. வீட்டு ஜெபத்தில் என் முறை வரும்போது அம்மா உருகி ஆமென் சொல்லும் அளவுக்கு வெளுத்துக் கட்டுகிறேன். அது ஜெபம் இல்லை, ஜம்பம். நான் விட்ட புளுகு எத்தனை என்று உனக்கே தெரியும், ஒன்றுக்கும் பயந்ததில்லை. இதற்கு மட்டும் பயமாக இருக்கிறது. மற்ற புளுகில் எல்லாம் மாட்டிக்கொள்வேனோ என்று உதறும். இதில் மாட்டவே மாட்டேன் என்பதுதான் உதறல்.

நீ குட்டிப் போதகர். ஆண்டவர்கிட்டே எப்படி நெருங்குவது என்று உங்கள் கல்லூரியில் சொல்லித் தருவார்கள்தானே? எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

உன்
வாலு

ஜூன் 21

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. அவருடைய கிருபையால் இங்கு நலமாக இருக்கிறேன். அங்கு அப்பா, அம்மா, உன் சுகத்துக்காகத் தினமும் மன்றாடுகிறேன்.

உன் கடிதம் வாசித்துச் சிரித்தேன், பிறகு வருந்தினேன். ஆண்டவரோடு நெருங்கி வாழ்வது ஒரு பழக்கம், அவ்வளவே. விடியுமுன் எழுந்திரு. முழங்காலில் நில். வேதத்தில் ஒரு அதிகாரம் வாசி. பகலில் எந்த வேலை செய்தாலும், பாத்திரம் துலக்கினாலும், பேருந்தில் போனாலும், மனதுக்குள் அவரோடு பேசிக்கொண்டே செய். நெருக்கம் தானாக வரும். இத்துடன் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். அதன்படி நட.

சந்தேகம் வந்தால் அப்பாவைப் பார். அவருடைய ஜெபத்தைப் பார்த்துத்தான் நான் இங்கே வந்தேன்.

கிருபை உன்னோடிருப்பதாக.

இப்படிக்கு,
அண்ணன்

ஜூலை 21

அன்புள்ள குட்டிப் போதகருக்கு,

மேற்படி நான்கும்.

அட்டவணையைக் கடைப்பிடித்தேன். விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்றது உண்மை. விடிந்த பிறகு அம்மா என்னை மெத்தையில் முகம் புதைத்த நிலையில் கண்டெடுத்ததும் உண்மை. கன்னம் முழுக்கப் போர்வையின் வரி. பள்ளிக்கூடத்தில் யார் அறைந்தது என்று கேட்டார்கள். பேருந்தில் ஆண்டவரோடு பேசினேன். மனதுக்குள் என்று நீ எழுதியது அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது, பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

ஆகவே நேரே கைதேர்ந்தவரிடம் போனேன். நீதானே அப்பாவைப் பார் என்றாய்? பார்க்கவில்லை. கேட்டேன்.

ஆலயத்தில் ஒலிப்பெட்டி இப்போது என் பொறுப்பு. மாடத்தில் உட்கார்ந்துகொண்டு யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்வேன். செயலாளரின் அறிவிப்புகளைக் கொஞ்சம் குறைத்தே வைப்பேன், சபையின் நலன் கருதி. அப்பா அங்கி மாட்டும்போதே கழுத்தில் குட்டி மைக்கைச் செருகி, மறந்துவிடுவோமோ என்று அப்போதே முடுக்கியும் விடுவார். பிறகு ஆராதனை மணி அடிக்கும் வரை அங்கி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பார். அங்கே அவர் மன்றாடுவதாகச் சபை முழுக்கப் பேச்சு. ஒலிப்பெட்டியில் மைக்குக்கு ஒரு குமிழ், மேலே தள்ளினால் கூடத்தில் சத்தம் கூடும்; ஒவ்வொரு குமிழின் கீழும் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்த மைக் என் ஹெட்போனில் மட்டும் கேட்கும், கூடத்தில் கேட்காது.

அமுக்கினேன். திருட்டுத்தான். ஆனால் பாடம் படிக்கத் திருடியது.

அண்ணா, ஒன்றுமே இல்லை. அந்த ஒற்றை நாற்காலி கிரீச்சிடுகிறது, அப்பா மூச்சு விடுகிறார், இருமுகிறார். மூன்று வாரமாக இதே. போன ஞாயிறு மட்டும், மணி அடிக்கச் சற்று முன்னால் வாய் திறந்தார்.

"வந்துட்டேன். இன்னைக்கும் ஒண்ணும் வரல."

வெளியே வந்து அருமையாகப் பிரசங்கித்தார். என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. அப்பாவுக்கே வரவில்லை என்றால் எனக்கு எங்கிருந்து வரும்?

உடனே எழுது.

வாலு

ஜூலை 27

பிரியமான தங்கைக்கு,

நலம். அங்கும் நலமென நம்புகிறேன்.

நீ செய்தது தவறு. இனி அந்தப் பொத்தானைத் தொடாதே. யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடம் கூட.

இங்கே விடுதியில் தண்ணீர் மோட்டார் அடிக்கடி மக்கர் செய்கிறது. அதைக் கழற்றி மாட்டுவதில் என் நேரம் போகிறது. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. கழற்றினால் கோளாறு எது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நம் பேருந்துப் பணிமனையில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா? சும்மா கேட்டேன். என் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வை.

அப்பா ஒன்றும் வராமல் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருக்கிறார்? மணி அடிக்கும் வரையிலுமா?

அண்ணன்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

மேற்படி. ஆனால் உன் நலம் மட்டும் இந்த முறை உண்மையாகவே விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தும் வாசித்துவிட்டேன். அதில் ஜெபி என்ற சொல் எங்குமே இல்லை. கிருபை இல்லை, கர்த்தருக்குள்ளும் இல்லை. தண்ணீர் மோட்டார் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. அண்ணா, நீ அங்கே என்ன செய்கிறாய்?

நான் பொத்தானை விடவில்லை. திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். ஆமாம், மணி அடிக்கும் வரையிலும் இருக்கிறார். காரணமும் தெரிந்துவிட்டது. பாலத்தடியில் பட்டறை வைத்திருந்த வெல்டர் மாமா ஏப்ரலில் இறந்தாரே, அவருக்காக அப்பா எத்தனை முறை மருத்துவமனைக்கு ஓடினார், நினைவிருக்கிறதா? பிழைத்துவிடுவார் என்று அவர் மனைவி, அந்த அத்தையிடம் அடித்துச் சொன்னவரும் அப்பாதான். அந்த அடக்கத்திலிருந்துதான் இப்படி. அத்தை இப்போதும் தவறாமல் மூன்றாவது வரிசையில் வந்து உட்காருகிறார்.

இதற்கிடையில் திடப்படுத்தல் வகுப்பில் அப்பா எங்களிடம், ஆண்டவர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார் என்கிறார். நான் தலையாட்டுகிறேன். அவரும் ஆட்டுகிறார். இரண்டு பேரில் யார் யாரை ஏமாற்றுகிறோம் என்று தெரியவில்லை. இருப்புக் கொள்ளவில்லை அண்ணா. சீக்கிரம் எழுது.

வாலு

ஆகஸ்ட் 30

அண்ணா,

நலம் இல்லை. யாரும் நலம் இல்லை. உன் பதிலும் வரவில்லை.

ஒலிப்பெட்டிக் குமிழ்களின் கீழே நான் நாடா ஒட்டி, எது யாருடையது என்று பெயர் எழுதியிருந்தேன். பாடகர் குழுவுக்குக் குயில்கள். அப்பாவுக்கு அப்பா. செயலாளருக்குக் கொட்டாவி. சனிக்கிழமை அவர் மாடத்துக்கு வந்து அதைப் பார்த்துவிட்டார். எல்லா நாடாவையும் உரித்து உருண்டையாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அன்றைக்கே மின்சாரக்காரரும் வந்து வயர்களைத் துடைத்து மாற்றிச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிறு காலை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து, அப்பா மூன்றாவது குமிழுக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். அது முன்பு குயில்களின் குமிழ். ஆலயம் நிறைந்துகொண்டிருந்தது. பாட்டு டீச்சர் கீழிருந்து, சத்தம் கூட்டு என்று கையைக் காட்டினார். என் காது அப்பாவிடம் இருந்தது, கை பழக்கத்தில் இருந்தது. மூன்றாவதை மேலே தள்ளினேன்.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை அண்ணா. எனக்குத்தான் ஏற்கெனவே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததே. கீழே தலைகள் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியின் பக்கம் நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அதற்குள் அப்பா, வெல்டர் போனதிலிருந்து தனக்கு வாய் வரவில்லை என்பதையும், அந்த அத்தைக்குச் சொல்லத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதையும் ஆலயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அத்தை மூன்றாவது வரிசையில் அசையாமல் இருந்தார். குமிழைக் கீழே இழுத்தேன். மணி அடித்தது. அப்பா ஒன்றும் தெரியாமல் வெளியே வந்து, அத்தனை முகங்களையும் பார்த்து நின்றார்.

எழுது அண்ணா. திட்டியாவது எழுது.

வாலு

செப்டம்பர் 14

அண்ணா,

இங்கே நடப்பது இதுதான். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று பாதிப் பேர். என் பழைய கணக்கு அப்படி, குறை சொல்ல முடியாது. ஜெபிக்க முடியாத போதகர் எதற்கு, வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பேராயருக்கு எழுதலாம் என்று மீதிப் பேர். மாதக் கடைசியில் சபைக் கூட்டம். என்னை மாடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். செயலாளரே ஒலிப்பெட்டியில் உட்காருகிறார். ஆலயத்தில் இப்போது பாட்டைவிட ஒலிபெருக்கியின் ஊளைதான் அதிகம்.

அம்மாவிடம் அழுதேன். அம்மா அப்பாவின் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். இஸ்திரிப் பெட்டி நிற்கவே இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில், ரொட்டியை இப்படித் தள்ளு என்கிறார். ஞாயிறு தவறாமல் அந்த அறைக்குப் போகிறார்.

உனக்கு மட்டும் ஒன்று. நான் குமிழை இறக்கிய பிறகும் அப்பா பேசினார். சபை கேட்டது முதல் பாதி. மீதி என் ஹெட்போனில் மட்டும்தான் விழுந்தது. அந்த மீதியைக் கூட்டத்தில் எழுந்து சொன்னால் அப்பாவைக் காப்பாற்றலாம். சொன்னால், இத்தனை வாரமும் நான் ஒட்டுக் கேட்டது அவருக்குத் தெரிந்துவிடும். தவறுதலாக ஒரு ஞாயிறு என்றுதான் இப்போதைக்கு நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ இருக்கிறாயா இல்லையா?

வாலு

செப்டம்பர் 22

வாலு,

இருக்கிறேன்.

அப்பா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுது. இரண்டு பாதியையும். உன் சரக்கு எதையும் சேர்க்காதே.

அவர் கேட்டால் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அண்ணன்

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முந்திய நாள் அப்பாவிடம் போய் நின்றேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஜூலையிலிருந்து ஒட்டுக் கேட்கிறேன், மீதியையும் கேட்டேன், கூட்டத்தில் அதைச் சொல்லட்டுமா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அப்பா கையிலிருந்த தட்டை ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஜூலையிலிருந்தா?"

"ஆமாப்பா."

"இத்தன வாரமும் தனியா உக்காந்திருக்கேன்னு நெனச்சேன்." தட்டை வைத்தார். "கூட்டத்துல சொல்ல வேண்டாம். அது அவங்ககிட்ட சொன்னதில்லையே."

"அப்போ உங்கள அனுப்பிருவாங்களேப்பா."

"அனுப்பட்டும்."

அண்ணனுக்காவது எழுதலாமா, கேட்கிறான் என்றேன். அப்பா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அண்ணனே கேட்டானா என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். "அவனுக்கு எழுது" என்றார். "அவனுக்குக் கட்டாயம் எழுது."

அப்பா அதை ஏன் இரண்டு முறை சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உன் சைக்கிளுக்கு நான் எண்ணெய் போடுவதை அவர் பார்த்திருக்கிறார்.

என் சரக்கு இல்லாமல் இதோ.

"ஆண்டவரே, வந்துட்டேன். இன்னைக்கும் ஒண்ணும் வரல. அந்த மனுஷன மண்ணுல வச்சதுலேருந்து உம்மகிட்ட பேச வாய் வர மாட்டேங்குது. அவர் பொண்டாட்டி வந்து உக்காந்திருக்கும். அதுகிட்ட நான் என்னத்தச் சொல்ல? நீரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீர்."

இது சபை கேட்டது. இனி மீதி.

"சரி. நீர் பேசாட்டியும் நான் எந்திரிச்சுப் போகப் போறதில்ல. மணி அடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அடுத்த வாரமும் வருவேன்."

அவ்வளவுதான். இதைச் சொன்னபோது அவர் குரல் உருக்கமாகவெல்லாம் இல்லை. பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவர் குரல் மாதிரி இருந்தது.

கூட்டத்தில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். செயலாளர் பேராயருக்கான கடிதத்தை வாசித்தார். அப்போது வெல்டர் அத்தை எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கு நெறைய பேரு வந்தீங்க. டீ குடிச்சிட்டுப் போனீங்க. எனக்காக ஆண்டவர்கிட்ட சண்டைக்கு நின்னது இவரு ஒருத்தர்தான். அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து எழுதுங்க."

செயலாளர் கடிதத்தை மடித்து, நாடா உருண்டை போன அதே பையில் வைத்துக்கொண்டார். தீர்மானம் ஒன்றும் இல்லாமல் கலைந்தார்கள். வாசலில் என்னிடம் வந்து, அடுத்த வாரத்திலிருந்து மாடத்துக்கு வா, இந்த ஊளை எனக்கே பொறுக்கவில்லை என்றார். நாடா ஒட்டலாமா என்று கேட்டேன். முறைத்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வாலு

அக்டோபர் 19

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது, பின்னால் நாடா ஒட்டி வைத்திருக்கிறேன்.

கட்டிலின் மேல் இருந்த என் பெட்டியை மறுபடி அடியில் தள்ளிவிட்டேன். அது ஏன் மேலே வந்தது என்று கேட்காதே. பணிமனையைப் பற்றி விசாரிக்க வேண்டாம். சைக்கிளை நீயே ஓட்டு.

நான் அனுப்பிய அட்டவணையைக் கிழித்துப் போடு. அது ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதியது. எழுதிய நாளில் நானே அதன்படி நடக்கவில்லை.

இன்று காலை சிற்றாலயத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. ஒன்றும் வரவில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று போய்ப் பார்க்கலாம் போல் கால் பரபரத்தது. மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. நாளையும் போவேன்.

அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லாதே. இருக்கிறேன் என்று மட்டும் சொல். அவருக்குப் புரியும்.

உன் திடப்படுத்தலுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

அண்ணன்

நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ இருக்கிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். பிறகு வெளியே போய் உன் சைக்கிளைத் துடைத்தார்.

நேற்றுத் திடப்படுத்தல் நடந்தது. வெள்ளை உடை, புதுச் செருப்பு, குதிகாலில் கொப்புளம். பேராயர் என் முறை வந்தபோது குனிந்து கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். வழக்கம்போல் வெளுத்துக் கட்டவில்லை, சின்னக் குரலில். தன் காதிலேயே சரியாக விழவில்லை என்று அம்மா குறைப்பட்டார். கண்ணை மூடினால் இப்போதும் கண்ணை மூடிய மாதிரிதான் இருக்கிறது அண்ணா. ஆனாலும் சொன்னது புளுகு இல்லை. எப்படி என்று கேட்காதே, நான் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

ஒரு சின்ன விபத்தும் உண்டு. அப்பா மைக் இல்லாமலே பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று. மாடத்தில் எனக்குப் பதில் உட்கார்ந்த செயலாளர் எல்லாக் குமிழையும் மேலும் கீழும் தள்ளி வேர்த்து வழிந்தார். மைக்கின் பேட்டரி என் உடைப் பையில் இருப்பதை முடிவு ஜெபத்தின்போதுதான் கண்டுபிடித்தேன். இந்த முறையும் வேண்டுமென்றே செய்யவில்லை. இந்த முறையும் யாரும் நம்பவில்லை.

அது ஏன் என் பையில் வந்தது என்று கேட்பாய். ஆராதனைக்கு முன்னால் அப்பா என்னை அங்கி அறைக்குக் கூப்பிட்டார். கழுத்திலிருந்து மைக்கைக் கழற்றி என் கையில் வைத்து, "ஆஃப்தானே? நல்லாப் பாரு" என்றார். நான் பேட்டரியையே உருவிவிட்டேன். அவர் கதவைச் சாத்தினார். மணி அடிக்கும் வரை உள்ளே இருந்தோம்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். இதை விடுகிறேன். யாராவது ஏதாவது சொன்னோமா, சும்மா இருந்தோமா, எதுவும் எழுத மாட்டேன். அந்த அறையில் எப்போதும் ஒரே நாற்காலிதான் கிடக்கும், உனக்குத் தெரியும். நேற்று நான் போவதற்கு முன்பே இரண்டு போட்டிருந்தது. அதை மட்டும் சொல்லலாம்.

உன்
வாலு